முதுகுத் தசையை ஸ்கேன் எடுத்தால் வலியின் காரணம் தெரியுமா?

கேள்வி கேட்டவர் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார், வயது 44. நான்கு ஆண்டுகளாகக் கீழ்முதுகில் வலி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4-எல்5 இடத்தில், அதாவது கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில், ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இப்போது கோவையில் ஒரு சிகிச்சை மையத்தில், முதுகுத் தசைகள் வற்றிப்போயிருக்கின்றனவா என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்கலாம், அதன் பிறகு மாதம் ஒருமுறை எடுத்து முன்னேற்றத்தை அளந்துகொண்டே வரலாம் என்கிறார்களாம். எடுக்கலாமா, வீண் செலவா என்பது கேள்வி. கூடவே, தண்ணீர்க் குடம் தூக்கியதிலிருந்து எழுபது வயது அம்மாவுக்கும் நடுமுதுகில் வலி, அவருக்கும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று ஒரு வரி. அம்மாவின் கணக்கு வேறு. கடைசியில் தனியாகச் சொல்கிறேன். அதுவரை அவரைக் குடத்தின் பக்கம் போக விடாதீர்கள்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: நான்கு ஆண்டுகளாக வலிக்கிறதே, ஏன் வலிக்கிறது என்று யாராவது உள்ளே பார்த்துச் சொல்லிவிட மாட்டார்களா? இந்த ஸ்கேன் தசையைக் காட்டும், வலியைக் காட்டாது. சிலருக்கு அது நல்ல உதவி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு முதலில் ஆக வேண்டிய காரியம் அதுவல்ல.

நான் ஈரோட்டில் பிசியோதெரபிஸ்ட். விசைத்தறிக்காரர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் என்ற மின் தையல் எந்திரத்தின் முன்னால் ஒன்றரை ஷிப்ட் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள், மஞ்சள் காட்டில் நாளெல்லாம் குனிந்து கிழங்கு பொறுக்குபவர்கள், நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் ஆகியோரின் முதுகுகளோடுதான் என் பிழைப்பு நடக்கிறது. தசை ஸ்கேனையும் ஒரு ரேடியாலஜி மருத்துவரோடு சேர்ந்து, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் பயன்படுத்தி வருகிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காமலும் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்காமலும் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். "பத்து நாள் அல்ட்ராசவுண்ட் வைத்தார்கள், ஒன்றும் குறையவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது பிசியோதெரபி மையங்களில் இருக்கும் சிறிய சிகிச்சைக் கருவி. 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ் ஒலி அலையைத் தசைக்குள் செலுத்தும். படம் எதையும் காட்டாது. கீழ்முதுகு வலிக்கு அந்தச் சிகிச்சையைத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. நீங்கள் கேட்பது கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கிற அதே ஸ்கேன் எந்திரத்தைப் பற்றி. அதை முதுகில் வைத்தால் தசைகள் திரையில் தெரியும், அசையும்போதும் தெரியும். எம்.ஆர்.ஐ.க்கு இல்லாத சிறப்பு அந்த அசைவுதான். கதிர்வீச்சு கிடையாது, செலவும் எம்.ஆர்.ஐ.யை விடக் குறைவு.

முதுகில் முக்கியமாகப் பார்ப்பது மல்டிஃபிடஸ் என்ற தசையை. முதுகெலும்பின் நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் முட்களை ஒட்டி, இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடுகிறது. கீழே போகப்போகப் பருமன் கூடும். ஒவ்வொரு எலும்பையும் அதற்குக் கீழே உள்ள எலும்புகளோடு இழுத்துப் பிடித்து வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வயிற்றுப் பக்கம், இடுப்பைச் சுற்றிப் பட்டை போல இருக்கும் டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் என்ற உள்தசையையும் சிலர் பார்ப்பார்கள். உங்களைப் போன்ற நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் பேச்சு பெரும்பாலும் மல்டிஃபிடஸைப் பற்றியே இருக்கும்.

எப்படி எடுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அறிக்கையில் வருகிற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது அதில்தான் இருக்கிறது. குப்புறப் படுக்கச் சொல்வார்கள். இடுப்பின் வளைவு நிமிர்வதற்காக வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. கீழே இடுப்புக்கூட்டின் நடுவிலுள்ள முக்கோண எலும்பிலிருந்து தொடங்கி, மேல்நோக்கி ஒவ்வொரு முள்ளாக எண்ணி, எந்த எலும்பு என்று உறுதிசெய்துகொள்வார்கள். ஜெல் தடவி, புரோப் என்ற, கையில் பிடிக்கும் வளைந்த முகமுடைய ஸ்கேன் கருவியை முள்ளிலிருந்து சற்றுத் தள்ளி நெடுக்குவாட்டில் வைப்பார்கள். திரையில் மேலே மெல்லிய தோல், அதன் கீழ் கொழுப்பு, பிறகு பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. அது தசையைப் போர்த்தியிருக்கும் உறை. அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில், ஊடே மெல்லிய வெண்கீற்றுகளோடு தசை. அடியில் வரிசையாக வெள்ளை மேடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கறுப்பு நிழல். அந்த மேடுகள் எலும்பு மூட்டுகள். ஒலி எலும்பில் பட்டுத் திரும்பிவிடுவதால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் தெரியாது. உங்கள் எல்4-எல்5 ஜவ்வும், அதன் பக்கத்தில் போகும் நரம்பும் அந்த நிழலுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே, ஜவ்வு எவ்வளவு விலகியிருக்கிறது, நரம்பு அமுங்குகிறதா என்பதை இந்த ஸ்கேன் சொல்லும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேட்டின் உச்சியிலிருந்து வெள்ளைக் கோடு வரை உள்ள தூரம்தான் தசையின் கனம். நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு எல்4-எல்5 இடத்தில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் இருக்கும். அடுத்து, எதிர்ப்பக்கத்துக் கையைப் படுக்கையிலிருந்து சற்றே தூக்கச் சொல்வார்கள். கை தூக்கும்போது முதுகுத் தசை தானாகவே இறுகும், கனம் கூடும். எவ்வளவு சதவீதம் கூடியது என்பதை வைத்துத் தசை வேலை செய்கிறதா என்று மதிப்பிடுவார்கள்.

இதில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓய்வில் 28 மில்லிமீட்டர், இறுகும்போது 34 என்றால் கூடியது 21 சதவீதம். அதே ஆளின் அதே தசையை, ஓய்வில் அளக்கும்போது மட்டும் புரோபைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டார்கள். தசை நசுங்கி 26 ஆகத் தெரிகிறது. இப்போது கூடியது 31 சதவீதம். முதுகில் எதுவும் மாறவில்லை, கையின் அழுத்தம் மட்டும்தான் மாறியது. புரோபின் சாய்வு கொஞ்சம் மாறினாலும், ஒரு எலும்பு தள்ளி வைத்தாலும் இதே கதை. பழகிய ஒருவரே, ஒரே எந்திரத்தில், மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் அளவு ஓரளவு நம்பகமாக வரும். இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் வேறொருவர் என்றால் அந்த எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை. மாதம் ஒருமுறை என்ற திட்டத்தில் எனக்குள்ள முதல் தடை இதுதான்.

இன்னொன்றும் உண்டு. கனம் கூடுவதும் பலம் கூடுவதும் ஒன்றல்ல. தசைக்குள் ஊசி வைத்து மின்னோட்டத்தையும் அளந்து, ஸ்கேனையும் கூடவே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். லேசான முயற்சியின்போது இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன. முயற்சி கூடக்கூட மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், கனம் அதே வேகத்தில் ஏறாது. வயிற்று உள்தசையில் முழுப் பலத்தின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே கனத்தில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. படுத்துக்கொண்டு கையைத் தூக்கும்போது தெரிவதை வைத்து, நீங்கள் பாவு பீமை, அதாவது பாவு நூல் சுற்றிய உருளையை, தூக்கும்போது முதுகு என்ன செய்யும் என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல. நிற்கிற தறியை அளந்து பார்த்துவிட்டு, நேற்று இரவு ஓட்டத்தில் பாவு ஏன் அறுந்தது என்று சொல்ல முடியுமா?

இனி, ஆராய்ச்சிகள் உறுதியாகச் சொல்வது எது, இழுபறியில் இருப்பது எது என்று பிரித்துவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜூலி ஹைட்ஸ் என்ற பிசியோதெரபிஸ்டும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்க வேண்டும். முதல்முறையாக ஒரு பக்க முதுகுவலி வந்த 26 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். வலி இருந்த பக்கத்தில், பாதிக்கப்பட்ட அந்த ஒரே எலும்பு மட்டத்தில் மல்டிஃபிடஸ் சிறுத்திருந்தது. இரு பக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு சராசரியாக 31 சதவீதம். வலி இல்லாதவர்களிடம் அது 3 சதவீதம்தான். 1996இல் அடுத்த ஆய்வு: சில வாரங்களில் வலி போய்விட்டது, ஆனால் தனியாகப் பயிற்சி செய்யாதவர்களுக்குத் தசை பழைய அளவுக்குத் திரும்பவில்லை, பத்து வாரம் கழித்துப் பார்த்தபோதும்கூட. 2001இல் அதே ஆட்களின் நிலையைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் வலி மீண்டும் வந்தவர்கள், மல்டிஃபிடஸுக்கான பயிற்சி செய்தோரில் 30 சதவீதம், செய்யாதோரில் 84 சதவீதம்.

இந்த 30க்கு 84 என்ற கணக்கு கேட்பவரை உடனே மயக்கிவிடும். தசை ஸ்கேனை விற்கிறவர்கள் முதலில் எடுத்து வைப்பதும் அதைத்தான். அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 39 பேர், அதுவும் வாழ்க்கையில் முதல்முறை முதுகு பிடித்துக்கொண்டு சில வாரங்களே ஆனவர்கள். நீங்கள் நான்கு ஆண்டுக்காரர். அவர்களுடைய கணக்கை உங்கள் மீது அப்படியே ஏற்றி வைக்க முடியாது.

அடிபட்டால் இந்தத் தசை வேகமாகச் சிறுக்கிறது என்பதும் உறுதியானதே. 2006இல் பன்றிகளிடம் செய்த சோதனையில், ஜவ்வையோ நரம்பையோ காயப்படுத்திய சில நாட்களிலேயே மல்டிஃபிடஸ் சிறுத்துப் போயிருந்தது. அதாவது தசை வற்றி வலி வந்தது என்பதை விட, அடி பட்டதால் தசை வற்றியது என்ற வரிசை குறைந்தபட்சம் தொடக்கத்தில் சரி. நாள்பட்ட வலியில் சிறுத்த இடத்தைக் கொழுப்பு நிரப்பத் தொடங்குகிறது. டென்மார்க்கில் 40 வயதினரிடம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மல்டிஃபிடஸில் கொழுப்பு அதிகம் இருந்தவர்களுக்கு முதுகுவலியும் அதிகம் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்பது வரைதான் அது சொல்கிறது; வலியால் குனியாமல் நிமிராமல் இருந்து கொழுப்பு சேர்ந்ததா, கொழுப்பு சேர்ந்ததால் வலி நீள்கிறதா என்பதில் வல்லுநர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அல்ட்ராசவுண்டில் கொழுப்பு சேர்ந்த தசை வெளுத்துத் தெரியும். ஆனால் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தாலே அந்த வெளுப்பு மாறிவிடும் என்பதால், கொழுப்பை மதிப்பிட எம்.ஆர்.ஐ.தான் நம்பகமானது. உங்களிடம்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே! அந்தப் பழைய படத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தில் இரு பக்கத்து மல்டிஃபிடஸும் பளிச்சென்று தெரியும். அறிக்கையில் ஜவ்வைப் பற்றி மட்டும் எழுதியிருப்பார்கள். தசையையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று ரேடியாலஜி மருத்துவரிடம் கேளுங்கள். புதிதாக ஒரு ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அந்த ஜவ்வுப் பிதுக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது உங்கள் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 40 வயதில், வலியே அறியாதவர்களில் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. காலுக்கு இறங்கும் வலியோ மரத்துப்போதலோ இல்லாத ஒருவருக்கு லேசான பிதுக்கம் என்பது தலையில் நரை தெரிவதைப் போன்ற சங்கதி. 

இழுபறியில் இருக்கிற முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தசையின் கனம் கூடினால் வலி குறையுமா? கூடினவர்களுக்குக் குறைந்தும், கூடாதவர்களுக்குக் குறைந்தும், கூடியும் குறையாமலும் எல்லா விதமாகவும் வருகிறது. இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களால் தசையின் மாற்றத்துக்கும் வலியின் மாற்றத்துக்கும் உறுதியான தொடர்பைக் காட்ட முடியவில்லை. மல்டிஃபிடஸையும் வயிற்று உள்தசையையும் குறிவைத்துத் தரும் நுணுக்கப் பயிற்சிகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் 29 ஆய்வுகளைத் தொகுத்தது. நாள்பட்ட முதுகுவலியில் ஒன்றும் செய்யாமல் இருப்பதை விட அவை நல்லது; மற்ற உடற்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. நானும் என்னிடம் வருகிறவர்களிடம் இதைத்தான் பார்க்கிறேன். எந்தப் பயிற்சி என்பதை விட, மூன்று மாதம் விடாமல் செய்கிறாரா என்பதே தேறுகிறவரையும் தேறாதவரையும் பிரிக்கிறது.

அப்படியானால் நான் ஏன் இன்னமும் இந்த ஸ்கேனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள். கற்றுக்கொடுப்பதற்காக. முதுகு அறுவைச் சிகிச்சை முடிந்து வருகிற சிலருக்கும், நீண்ட நாள் பெல்ட் போட்டே பழகிய சிலருக்கும், "இந்த இடத்தை லேசாக இறுக்குங்கள்" என்றால் எதை இறுக்குவது என்றே பிடிபடாது. மூச்சை அடக்குவார்கள், பிட்டத்தை இறுக்குவார்கள், தோளைத் தூக்குவார்கள். திரையைத் திருப்பிக் காட்டி, இதோ இந்தச் சாம்பல் பட்டை பருக்க வேண்டும் என்று சொன்னால் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்கிறார்கள். பவர் டேபிள் ஓட்டும் ஓர் அம்மணி, ஜவ்வு விலகிவிட்டது என்று யாரோ சொன்னதிலிருந்து இரண்டு ஆண்டுகளாகக் குனிவதற்கே பயந்து, கீழே விழுந்த கத்தரியைக்கூடப் பக்கத்து ஆளிடம் சொல்லித்தான் எடுப்பார். அவருக்கு ஸ்கேனில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கையைத் தூக்கியதும் இரண்டும் அழகாகப் பருத்தன. "அப்படியானால் என் முதுகு நன்றாகத்தான் இருக்கிறதுங்களா?" என்று எழுந்து உட்கார்ந்தார். அன்று குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரைத் தேற்றியது தசை பற்றிய எண் அல்ல, பயம் விட்டதுதான்.

இது எதிர்த்திசையிலும் வேலை செய்யும். "உங்கள் தசை வற்றிவிட்டது" என்ற ஒரு வரியை அறிக்கையில் படித்துவிட்டு, கைக்குழந்தையைத் தூக்குவதையே நிறுத்திக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நலமாக இருப்பவர்களிடமே இரு பக்கத்துக்கும் 10 சதவீதம் வரை வேறுபாடு இருக்கலாம். குண்டானவர்களுக்குப் படமே தெளிவாக வராது. இந்த நிலையில் 8 சதவீத வேறுபாட்டைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் தருவது ஒருவரைத் தேவையில்லாமல் நோயாளியாக்குகிற வேலை.

சட்டப் பக்கம் ஒன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும், 2003இல் அதற்கு வந்த திருத்தமும் அல்ட்ராசவுண்ட் எந்திரத்தையே கட்டுப்படுத்துகின்றன. பதிவு பெறாத இடத்துக்கு எந்திரத்தை விற்கவே கூடாது. இயக்குகிறவர் உரிய தகுதி பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். வெளிநாடுகளில் பிசியோதெரபிஸ்டுகள் தங்கள் மேசையிலேயே எந்திரத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். இங்கே அது முடியாது. எங்கள் தொழிலில் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. பெண் சிசுக்கள் உயிர் பிழைக்கவே சேலம் மாவட்டத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த பக்கத்தில் வாழ்ந்துகொண்டு அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் போகிற மையத்தில் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். பாலினம் அறிவிப்பது குற்றம் என்ற பலகையும் தமிழில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் முதுகையும் காட்டாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இது. முதலில், வேறு ஆபத்து எதுவும் இல்லை என்று ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பரிசோதித்து உறுதிசெய்யட்டும். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் தங்குவது அல்லது அடக்க முடியாமல் போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் அடங்காத இரவு வலி இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று நம் நாட்டில் கட்டாயம் பார்த்தாக வேண்டும். வலி விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் இருந்தால் அது சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். அதற்கு அல்ட்ராசவுண்ட் நல்ல சோதனைதான், ஆனால் அது வயிற்று ஸ்கேன்.

இவை எதுவும் இல்லையென்றால், முதுகின் தாங்கும் திறனை அளக்க எந்திரமே வேண்டாம். மேசை விளிம்பு வரை இடுப்பை வைத்துக் குப்புறப் படுக்கவைத்து, கால்களைக் கட்டி, மேலுடலை அந்தரத்தில் நேராகப் பிடிக்கச் சொல்லி எத்தனை நொடி தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று கடிகாரத்தில் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. டென்மார்க்கின் பியரிங்-சோரன்சன் 1984இல் பிரபலமாக்கியது. 240 நொடியோடு நிறுத்திவிடுவார்கள். மாதாமாதம் முன்னேற்றத்தை அளக்க வேண்டுமென்றால் எனக்கு இந்த நொடிக் கணக்கே போதும். அதோடு, எத்தனை தறிகளை எத்தனை மணி நேரம் வலிக்காமல் பார்க்க முடிகிறது என்பதையும் குறித்து வைப்பேன். வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். யாராவது உங்கள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தறிக்கூடத்தில் உங்கள் முதுகுக்கு வேலை கொடுப்பது இரண்டு: அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிந்தபடியே நிற்பது, பாவு பீமையும் துணி உருளையையும் தூக்குவது. முதலாவதற்கு, ஒரு காலை முன்னால் வைத்து, தறிச் சட்டத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டால் சுமை நன்றாகக் குறையும். இரண்டாவதற்கு இன்னோர் ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பயிற்சி என்று பார்த்தால், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் முதுகுக்கும் தொடைக்கும் படிப்படியாகச் சுமை கூட்டுகிற பயிற்சிகள், மற்ற நாட்களில் நடை. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்து 2024இல் வெளியான ஆய்வில், முதுகுவலியிலிருந்து மீண்டு படிப்படியாக நடைப்பயிற்சிக்குப் பழகியவர்களுக்கு மறுபடி வலி வர எடுத்த காலத்தின் நடுமதிப்பு 208 நாள். பழகாதவர்களுக்கு 112 நாள். தறிகளுக்கிடையே நடப்பது இதில் சேராது. அது நின்று நின்று நடக்கிற நடை.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லை, முதுகை எப்படி இறுக்குவது என்றும் பிடிபடவில்லை என்றால், அப்போது தசை ஸ்கேன் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். பணம் கட்டும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள். யார் எடுக்கிறார், அடுத்த முறையும் அவரேதானா? திரையைப் பார்த்தபடி பயிற்சி கற்றுத் தருவீர்களா, அல்லது அறிக்கை மட்டுமா? ஸ்கேனில் தசை சிறுத்திருந்தால் ஒரு சிகிச்சை, சிறுக்காவிட்டால் வேறு சிகிச்சை என்று ஏதாவது மாறப்போகிறதா? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு ஒன்று வாங்கி நடக்கத் தொடங்குங்கள்.

இனி அம்மா. எழுபது வயதில், குடம் தூக்கிய கணத்தில் நடுமுதுகில் வலி வந்தது என்றால் என் மனதில் முதலில் வருவது தசை அல்ல, எலும்பு. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும். கனமான குடத்தைத் தூக்குவது, ஏன், சில நேரம் பலமாக இருமுவதுகூட முதுகெலும்பு ஒன்றை அமுக்கி நொறுக்கிவிடும். அல்ட்ராசவுண்டில் இது தெரியாது. எலும்புக்குப் பின்னால் நிழல்தான் என்று மேலே சொன்னேன். இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போய்ப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுங்கள். தொடக்க நாட்களில் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதும் உண்டு, ஆகவே வலி அடங்காவிட்டால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். முறிவு இருந்தால் டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திச் சோதனையும், அடுத்த முறிவைத் தடுக்கும் மருந்தும் வேண்டியிருக்கும். அதுவரை எண்ணெய் தேய்த்து நீவுவது, சுளுக்கு எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது எதுவும் கூடாது. அதற்காக நாளெல்லாம் படுக்கையிலேயே கிடக்கவும் விடாதீர்கள், வலி தாங்குகிற அளவுக்கு வீட்டுக்குள் நடக்கட்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ அவர் நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.